கேசட்டின் காது

அன்புள்ள அக்கா,

வணக்கம். நாங்கள் கோவையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்துகிறோம். பகலில் ஆளுக்கொரு வேலை. சனி, ஞாயிறுகளில் பம்ப் பட்டறை ஒன்றின் மாடியில் ஒத்திகை. சமீபத்தில் ஒரு பாட்டை முடித்தோம். நாலரை நிமிடம் ஓடும். திரும்பத் திரும்ப வரும் பல்லவி அதில் கிடையாது. கேட்ட எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: முதல் பதினைந்து விநாடிக்குள் ஆளைப் பிடித்து நிறுத்தாவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள், பல்லவி இல்லாத பாட்டு ஓடாது.

நான் அவர்களுக்கு அமெரிக்க ராக் குழு ஆர்.இ.எம்.மின் ‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டைத்தான் உதாரணம் காட்டுகிறேன். அதற்கும் பல்லவி இல்லை. கடவுள் நம்பிக்கையை இழந்தவனின் பாட்டு அது. நானும் நாத்திகன் என்பதால் எனக்கு அது வேதம் மாதிரி. அதன் வீடியோவை இயக்கியவர் நம் இந்தியர் என்பதில் தனிப் பெருமை உண்டு. என் கேள்வி இதுதான்: அந்தப் பாட்டு வென்றது பாட்டாலா, வீடியோவாலா? நண்பர் ஒருவர் ஒன்றரை லட்சத்தில் எங்களுக்கு வீடியோ எடுத்துத் தருகிறேன் என்கிறார். கடன் வாங்கலாமா? ஒத்திகைப் பதிவுகளையெல்லாம் அவ்வப்போது அழித்துவிட்டு (போனில் இடமில்லை) நல்ல பதிவை மட்டும் வைத்திருக்கிறோம். அதன் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். கேட்டுச் சொல்லுங்கள். பெயரை வெளியிட வேண்டாம், வீட்டில் தெரியாது.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் கேள்வி என்று நீங்கள் நினைத்து எழுதியவை மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுங்கள். போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்களே, போனில் இடமில்லை என்று, அதைப் படித்ததும் கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு வருகிறேன்.

முதலில் நாத்திகத்தை முடித்துவிடுவோம். அது கடவுளை இழந்தவனின் பாட்டு அல்ல. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ‘மதத்தை இழக்கிறேன்’ என்று சொன்னால், பொறுமை எல்லை கடந்துவிட்டது, இனி என்னைப் பிடிக்க முடியாது என்று பொருள். அடுப்படியில் பால் பொங்கி வழியும்போது பாட்டிகள் சொல்கிற மாதிரியான வழக்கு. எழுதியவர் அந்தக் குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப். ஒருதலையாக ஒருவரை விரும்பிக்கொண்டு, அதிகம் சொல்லிவிட்டோமோ, போதுமான அளவு சொல்லவில்லையோ என்று தனக்குள் புழுங்குகிறவனின் பாட்டு இது என்று அவரே பலமுறை சொல்லிவிட்டார். விருந்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது சுவரோரம் ஒட்டிக்கொண்டு நிற்பான் ஒருவன். அவன்தான் இவன். மூலையில் நிற்பவன் நான் என்று வருகிறதே, அது முதலில் சமையலறையில் நிற்பவன் நான் என்றுதான் இருந்ததாம். சமையலறையில் ஒளிந்து நிற்பவனைத் தூக்கிக்கொண்டு போய் நீங்கள் பகுத்தறிவு மேடையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், அவனுக்கு அங்கே கை கால் நடுங்கும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் இது நேர் தலைகீழ். அவர்களுக்குக் கோபம் வந்தால் மதம் போய்விடுகிறது. நம் ஊர் யானைக்குக் கோபம் வந்தால் மதம் பிடித்துவிடுகிறது. யானையின் மதமும் மனிதனின் மதமும் வேர் வேறு என்பது தெரியும். எழுத்து ஒன்றாக இருக்கிறதே, அதை என்ன செய்வது? இந்தப் பாட்டைத் தமிழில் யாராவது மொழிபெயர்க்க வந்தால் இந்த இடத்தில் கால் இடறி விழுவார்கள். எனக்கு அது கொஞ்சம் சந்தோஷம்தான்.

அடுத்து, நம் இந்தியர் என்ற பெருமை. வீடியோவை இயக்கிய தர்சேம் சிங் ஜலந்தரில் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் பாசடீனாவின் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவர். நீங்களும் நானும் அவருக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை. பெருமையில் நமக்குப் பங்கு கேட்பது வெட்கம். ஆனால் அவர் அந்த வீடியோவுக்குள் கொண்டுபோன சரக்கில் ஒன்று எனக்குத் தெரிந்த சரக்கு. இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ஓவியங்கள், அம்பு தைத்த புனித செபஸ்தியார், சோவியத் சுவரொட்டித் தொழிலாளிகள் என்று எல்லாவற்றையும் கலந்தவர், கூடவே நம் காலண்டர் சாமிப் படங்களின் நிறத்தையும் நிற்கும் தோரணையையும் கலந்தார். நான் கோவில்பட்டிக்காரி. கொண்டைய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, இந்தியாவின் சமையலறைச் சுவர் வரைக்கும் போன முருகனும் லட்சுமியும் எங்கள் ஊர் வெயிலில் பிறந்தவர்கள். அந்த வீடியோவில் ஒருவன் இன்னொருவனின் விலாக்காயத்தில் விரல் வைத்துப் பார்க்கிறான் அல்லவா? அது சந்தேகத் தோமையார், தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற இயேசுவின் சீடர். நம் பரங்கிமலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறாரே, அதே தோமையார். போதும், இத்தோடு நிறுத்துகிறேன். இல்லையென்றால் நானும் பங்கு கேட்க ஆரம்பித்துவிடுவேன்.

வீடியோவைப் பற்றி ஒன்று மட்டும். ஸ்டைப் எண்பதுகளில் பெரும்பாலும் வீடியோவில் வாயசைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர். இதற்குத்தான் இறங்கி வந்தார். அவர் மனதில் இருந்தது ஐரிஷ் பாடகி சினேட் ஓ’கானர் செய்தது போல, கேமராவைப் பார்த்து நேராகப் பாடிவிட்டுப் போவது. தர்சேம் மனதில் இருந்தது வேறு. எல்லாம் சற்றுக் கூடுதலாக, கனவு மாதிரி, நம் ஊர்ப் படங்களின் ஒரு வகையைப் போல இருக்க வேண்டும். அதன் நடுவே ஒரு கதை: கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் எழுதியது. முற்றத்துச் சேற்றில் பெரிய இறக்கைகளோடு ஒரு கிழவன் விழுந்து கிடப்பான். அவனைக் கோழிக்கூண்டில் அடைத்து, பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்குவார்கள். வீடியோ தொடங்கும்போது பாட்டு இல்லை. இருட்டறை, ஈரம். மூன்று பேர் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள், ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பால் கூஜா விழுந்து உடைகிறது. அதன் பிறகுதான் மாண்டலின் வருகிறது. அந்தக் கூஜா ரஷ்ய இயக்குநர் தார்கோவ்ஸ்கியின் 1986ஆம் ஆண்டுப் படத்திலிருந்து விழுந்தது. உங்கள் நண்பர்கள் சொல்லும் பதினைந்து விநாடிக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். அது கூஜாவிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் அந்த ஆட்டம். கைகளை உதறி, இடுப்பில் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல ஸ்டைப் ஆடுகிறாரே, அதில் பாதி சினேட் ஓ’கானரிடமும் பாதி டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாடகர் டேவிட் பைர்னிடமும் எடுத்தது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நடனம் தெரியாதவன், நடனம் தெரியாதவனாகவே ஆடினான். உங்கள் நண்பரின் ஒன்றரை லட்சத்தில் இது அடங்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். உட்காருங்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ், கிரேக்கத்து ஏதென்ஸ் அல்ல, ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே 1980இல் தொடங்கிய குழு இது. இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பீட்டர் பக், அந்தக் கடைக்கு வந்துபோன ஸ்டைப், இவர்களோடு மைக் மில்ஸ், பில் பெர்ரி. முதல் கச்சேரி ஒரு பழைய தேவாலயத்தில், ஒரு பிறந்தநாள் விருந்துக்கு. பத்து ஆண்டுகள் ஊர் ஊராக வேனிலும் பஸ்ஸிலும் சுற்றினார்கள். 1989இல் ஒரு நீண்ட பயணத்தை முடித்துவிட்டு வந்தபோது பக்குக்கு மின் கிதாரைப் பார்த்தாலே சலிப்பு. புதிதாக ஒரு மாண்டலின் வாங்கினார். வாசிக்கத் தெரியாது. ஒருநாள் இரவு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே மாண்டலினைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்த நாடாவைப் போட்டுக் கேட்டார். முதலில் ஒருவன் மாண்டலின் கற்றுக்கொள்ளும் சத்தம். நடுவில் இந்தப் பாட்டு. அதன் பிறகு மறுபடியும் ஒருவன் மாண்டலின் கற்றுக்கொள்ளும் சத்தம். இதை அவரே சொல்லியிருக்கிறார்.

தம்பி, நீங்கள் அன்று அந்த வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இடமில்லை என்று அழித்திருப்பீர்கள்.

உங்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லை என்பது தெரிந்தே திட்டுகிறேன். ஏன் உரிமை இல்லை என்பதைச் சொன்னால்தான் இந்தக் கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுதுகிறேன் என்பது விளங்கும். போன மாதம் கோவில்பட்டி வீட்டுப் பரணை ஒழித்தோம். விற்கப்போகிறோம். அண்டா, மண்ணெண்ணெய் ஸ்டவ், பழைய ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள், அவற்றின் அடியில் ஒரு மாண்டலின். எட்டுத் தந்திகளில் மூன்றுதான் மிச்சம். அந்த மூன்றும் துருவேறி, தொட்டால் விரலில் காவி ஒட்டியது.

அது என் அண்ணனுடையது. 1981ஆம் வருஷம். அண்ணன் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். தூத்துக்குடியில் மெல்லிசைக் குழு ஒன்று கலைந்தபோது அதில் வாசித்தவரிடம் அந்த மாண்டலினை இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கி வந்தான். வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா நான்கு நாள் பேசவில்லை. பிறகு சில ஆண்டுகளில் ஸ்ரீனிவாஸ் என்ற சிறுவன் மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்து, மாண்டலின் என்றால் கச்சேரி மேடையில் நடுவில் உட்காரும் வாத்தியம் என்று ஆக்கினான். ஆனால் 1981இல் எங்கள் தெருவுக்கு மாண்டலின் என்றால் கல்யாண வீட்டுப் பாட்டுக்கச்சேரியில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர் கையில் உள்ள சாமான். அவ்வளவுதான்.

சொல்லித்தருபவர் திருநெல்வேலியில் இருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் போக முடியும். இடையில் என்ன தப்பு செய்கிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன், ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி, ஒன்று வீட்டில் இருந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் அண்ணன் அடுக்களைக்குப் பின்னால் இருந்த விறகு அறையில் உட்கார்ந்து, சிவப்புப் புள்ளி வைத்த பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பான். நொய் நொய் என்று கொசு சத்தம். அதே இரண்டு வரி, அதே இடத்தில் தட்டுத் தடுமாறல், ஒரு ‘ச்சே’, மறுபடியும் அதே இரண்டு வரி. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவரில் தட்டுவார். மறுநாள் காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்பான். அந்தக் காலை நேரம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்றடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். பம்பு கையிலேயே இருக்கும்.

எனக்குப் பதின்மூன்று வயது. எனக்கு வேண்டியது இலங்கை வானொலி. இளையராஜாவின் புதுப் பாட்டு ஒன்று எப்போது வரும் என்று காத்திருந்து, அறிவிப்பாளர் பேசி முடிக்கும் நொடியில் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட வேண்டும். வெற்றுக் கேசட் வாங்கக் காசு கிடையாது. அண்ணனின் கேசட்டுகள் அலமாரியில் வரிசையாக இருந்தன, ஏழோ எட்டோ. அவற்றில் கொசுவைத் தவிர வேறென்ன இருக்கிறது? ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் பாட்டுப் பிடித்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் அவை பெரிய பொருட்டு இல்லை.

ஒன்றே ஒன்று தவிர.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் சில்லுகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? உங்கள் வயதுக்குப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதைக் காது என்போம். காதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது, பொத்தான் இறங்காது. வைத்துக்கொள்ள வேண்டியதைத்தான் காது உடைத்து வைப்பார்கள். அந்த வரிசையில் ஒரு கேசட்டுக்கு இரண்டு காதும் உடைந்திருந்தன. கத்தி முனையால் நெம்பி உடைத்த அடையாளம். அன்று பாட்டு வந்துவிட்டது, கைக்கு அகப்பட்டது அந்தக் கேசட்தான். நான் நோட்டுத்தாளைக் கிழித்து, கசக்கி, அந்த ஓட்டையில் அடைத்து, பொத்தானை அழுத்தினேன். இறங்கியது.

காது உடைந்திருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், தம்பி. தெரிந்துதான் செய்தேன்.

அவன் ஒரு வருஷத்தில் வாசிப்பதை விட்டுவிட்டான். என்னால் அல்ல. வேலை மாறியது, ஓசூர் போனான், கல்யாணம் ஆனது. பரணிலிருந்து மாண்டலினை இறக்கிய அன்று இரவு போன் செய்தேன். அந்தக் காது உடைத்த கேசட்டில் என்ன இருந்தது என்று கேட்டேன். ‘அதுவா, அதில் ஒன்றுமில்லை’ என்றான். எந்தக் கேசட் என்று அவன் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து, எந்தக் கேசட் என்று கேட்காமலே பதில் சொன்னான். பிறகு பேத்தியின் காதுகுத்து பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

அதில் பெரிய மெட்டு இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்காது. பீட்டர் பக் ஆவதற்கு அண்ணன் பிறக்கவில்லை. அவன் கணக்குப்பிள்ளை. ஆனால் சைக்கிள் பம்பைப் பிடித்துக்கொண்டு தலை சாய்த்து நின்றானே, அந்த ஒருநாள் அவன் காதில் எது விழுந்தது? அதை அவனும் இனிமேல் கேட்க முடியாது.

ஆகவே உங்கள் போனில் இடம் இல்லை என்கிறீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு மணி நேர ஒத்திகையில் ஏழு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் குப்பை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எந்த இரண்டு நிமிடம் குப்பை இல்லை என்பது வாசிக்கும்போது தெரியாது. வாசிக்கிறவன் கை அப்போது வேறு வேலையில் இருக்கிறது, தப்பு செய்யாமல் இருக்கும் வேலையில். மறுநாள் காலை, வேறு ஆளாக, பல் துலக்கிக்கொண்டு கேட்டால்தான் தெரியும். நீங்கள் நல்ல பதிவை மட்டும் வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். நல்லது எது என்று யார் முடிவு செய்தது? அன்று இரவே, களைப்பில், பசியில், நான்கு பேரும் பரோட்டாவுக்குக் கிளம்பும் அவசரத்தில் நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் மனிதன் தப்பில்லாததைத்தான் நல்லது என்பான். தெரியாத வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தவன் கையில் அந்த மெட்டு எப்படி வந்தது? தெரிந்த வாத்தியமாக இருந்திருந்தால் விரல் தெரிந்த இடத்துக்கே போயிருக்கும். கிதாரில் பத்து வருஷம் போன பாதையிலேயே போயிருக்கும். மாண்டலினின் தந்திகள் வயலின் மாதிரி சுருதி கூட்டியவை, கிதார்க்காரனுக்கு எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். தவறிய விரல் வேறொரு கதவைத் திறந்தது. இதைச் சொல்லிக்கொண்டே போகலாம், வீட்டில் இதைப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் கடிதம் எழுதி மாட்டிக்கொண்டீர்கள்.

கூடுதலாக ஒன்று. மெட்டு கிடைத்த பிறகும் அது உடனே பாட்டாகிவிடவில்லை. 1990 ஜூலையில் ஏதென்ஸில் பதிந்த முதல் மாதிரிக்குப் பாட்டு வரிகளே கிடையாது. பெயர் ‘ஷுகர் கேன்’, அதாவது கரும்பு. பாஞ்சோவும் ஆர்கனும் வைத்து வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக்கில் பேர்ஸ்வில் ஸ்டுடியோவுக்குப் போனபோது இன்னொரு சிக்கல். மாண்டலின் மேலே கீச்சென்று நிற்கிறது, பாஸ் கிதார் அடியில் கிடக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. உள்ளே பொள்ளலாகக் கேட்கிறது. பயணங்களில் கூட வாசிக்கும் பீட்டர் ஹோல்சாப்பிளை அழைத்து மரக்கிதார் வாசிக்க வைத்து நடுவை அடைத்தார்கள். பாஸ் கிதாரில் மைக் மில்ஸுக்குச் சொந்தமாக ஒன்றும் வரவில்லை. ஃப்ளீட்வுட் மாக் குழுவின் பாஸ் கிதார்க்காரர் ஜான் மெக்வீ என்ன வாசிப்பார் என்று நினைத்துப் பார்த்து அதையே வாசித்துவிட்டார், அதை ஒளிக்கவும் இல்லை. மார்க் பிங்கம் எழுதிய வயலின்களை அட்லாண்டா சிம்ஃபனி வாத்தியக் குழுக்காரர்கள் அக்டோபரில் வாசித்தார்கள். ஸ்டைப் ஒரே மூச்சில் பாடி முடித்தார். ஒரே மூச்சு என்றதும் எழுந்து நிற்காதீர்கள். அதற்கு முன்னால் பத்து வருஷம் இருக்கிறது.

பல்லவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இசைத்தட்டு நிறுவனத்தாரும் உங்கள் நண்பர்கள் சொன்னதையேதான் சொன்னார்கள். மாண்டலின் முன்னால் நிற்கும், பல்லவி இல்லாத பாட்டை முதல் பாட்டாக வெளியிடுவதா என்று தயங்கினார்கள். 1991 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. அந்தக் குழுவின் எந்தப் பாட்டும் அங்கே அதைத் தாண்டியதில்லை. அந்த ஆண்டு எம்டிவி விருதுகளில் ஆறு, அடுத்த ஆண்டு கிராமி இரண்டு. கிராமியில் ஒன்று பாட்டுக்கு, ஒன்று வீடியோவுக்கு. பாட்டாலா வீடியோவாலா என்ற உங்கள் கேள்வியை அவர்களாலேயே தீர்க்க முடியவில்லை, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் உங்கள் பாட்டுக்குப் பல்லவி இல்லாததால் அது அந்தப் பாட்டு ஆகிவிடாது. தாடி வளர்த்தவரெல்லாம் தாகூர் இல்லை. உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரியாகவும் இருக்கலாம்.

கடன் வாங்காதீர்கள். இதில் விளக்கம் ஒன்றும் கிடையாது. வீட்டில் தெரியாத பாட்டுக்கு வீட்டில் தெரியாத கடன் எதற்கு? பட்டறை மாடியில் ஒரு ஜன்னல் இருக்கும். அங்கே நின்று பாடுங்கள், யாராவது போனில் பிடிக்கட்டும். இடமில்லை என்று சொன்னால் போனில் இருக்கும் காலை வணக்கப் படங்களை அழியுங்கள்.

உங்கள் பாட்டை இரண்டு முறை கேட்டேன். சுத்தமாக இருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. மூன்றாம் நிமிடத்துக்கு அப்புறம் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி கொஞ்சம் முன்னால் ஓடுகிறார், எனக்கு அது பிடித்தது. கடைசியில் பாட்டு முடிந்த பிறகு, நீங்கள் வெட்ட மறந்த இரண்டு விநாடி இருக்கிறது. ஒரு நாற்காலி நகர்கிறது, யாரோ கிதாரில் மூன்று சுரம் தட்டுகிறார்கள், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று சுரம். இன்னொருவர் சிரிக்க ஆரம்பிக்கும்போது அறுந்துவிடுகிறது. அந்த இரண்டு விநாடிக்கு அப்புறம் என்ன நடந்தது என்பதை எனக்கு அனுப்புங்கள், இன்னும் அழித்திருக்காவிட்டால்.

அன்புடன்,
அக்கா